கன்றின் கையெழுத்து

வடமதுரைப் பக்கம் எங்கள் வீட்டில் மாடு எப்போது ஈனும் என்று சொல்கிற அதிகாரம் அப்பத்தாவிடம் இருந்தது. காளைக்கு விட்ட அன்று கொட்டத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு. அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை ஒன்று. பசுவுக்கு ஒன்பது மாதம் பத்து நாள், எருமைக்குப் பத்து மாதம் பத்து நாள், ஆட்டுக்கு ஐந்து மாதம். கணக்குப் பிசகினால் குற்றம் மாட்டின் மேல்தான், கோட்டின் மேல் ஒருநாளும் இல்லை.

நாள் நெருங்கினால் வாலடியைத் தடவிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் குழி விழுந்து, மடி கனத்து, வழும்பு தொங்கினால், "இன்னைக்கு ராத்திரி யாரும் தூங்க வேணாம்" என்று அறிவிப்பு வரும். அந்த ராத்திரியில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. விடிந்து, நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் தண்ணிக்குடம் உடையும், இரண்டு முன்னங்கால், அவற்றின் மேல் ஒரு மூக்கு. பகலில் ஈனவைத்தது முனியாண்டி சாமி என்று அதற்கொரு பொங்கல்.

கனடாவின் மானிட்டோபாவில் கஸ் கோனஃபல் என்ற மாட்டுக்காரர், ராத்திரியில் தீவனம் போட்டால் மாடு பகலில் ஈனுகிறது என்று கண்டு சொன்னார். அமெரிக்காவின் அயோவாவில் 15 பண்ணைகளில் 1,331 மாடுகளுக்கு அந்தியில் தீவனம் வைத்துப் பார்த்தார்கள். 85 சதவீதம் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் நடுவே ஈன்றன. அப்பத்தா சோளத்தட்டை போட்டது காட்டு வேலை எல்லாம் முடிந்து, இருட்டிய பிறகு. முனியாண்டிக்குப் போன பொங்கலில் பாதி சோளத்தட்டைக்குச் சேர வேண்டியது.

நஞ்சுக்கொடி விழும்வரை அவர் இடத்தைவிட்டு எழமாட்டார். அசந்தால் மாடே தின்றுவிடும். அதை வைக்கோலில் சுருட்டி ரோட்டோர ஆலமரத்தில் கட்டினால்தான் பால் ஊறும். திண்டுக்கல் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது பால் விளம்பரம்.

இப்போது காளையும் இல்லை, கரிக்கோடும் இல்லை. சினை ஊசி, அதிலும் கிடேரிக்கன்று மட்டும் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஊசி. தேதி தம்பி மகன் செல்போனில் இருக்கிறது. பிடி நம் கைக்கு வந்துவிட்டது என்ற தைரியத்தில், திருப்பூரிலிருந்து லீவில் வந்த மச்சான் கால்நடை டாக்டரிடம் கேட்டே விட்டார்: "சார், ஞாயித்துக்கிழமைக்குள்ள கன்னு போடற மாதிரி ஒரு ஊசி போட்டு விட்ருங்களேன்." நட்சத்திரம் பார்த்து சிசேரியன் செய்துகொள்கிற ஊரில் இது ஒன்றும் அநியாயமான கேள்வி இல்லை.

"ஊசி இருக்குங்க. கன்னுக்குட்டி இன்னும் கையெழுத்துப் போடலையே" என்றார் டாக்டர்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1960-களில், வயிற்றுக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டியின் பிட்யூட்டரிச் சுரப்பியை அழித்துப் பார்த்தார். நாள் கடந்தும் தாய் ஆடு ஈனவில்லை. குட்டிக்குக் கார்ட்டிசால் கொடுத்தார். நாளுக்கு முன்பே ஈன்றது. உத்தரவு உள்ளேயிருந்துதான் வருகிறது. கன்றின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கொட்டுகிறது. சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரான் இறங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, புரோஸ்டாகிளாண்டின் கருப்பையைச் சுருக்குகிறது. டாக்டர் வைத்திருக்கும் டெக்ஸாமெத்தசோன் அந்தக் கார்ட்டிசாலின் நகல். கன்றின் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போடுகிற வேலை.

நாளுக்கு முந்திப் பிறந்த அந்தக் குட்டிகளில் ஒன்று, செத்துப் பிறக்க வேண்டியது, மூச்சு விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு லிக்கின்ஸும் அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஹோவியும் குறைமாதப் பிரசவம் ஆகும் தாய்மார்களுக்கு ஊசி போட்டுப் பார்த்து 1972-இல் எழுதினார்கள். மச்சான் மாட்டுக்குக் கேட்ட அதே டெக்ஸாமெத்தசோனைத்தான் இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடுகிறார்கள்.

ஊசிமேல் அளவுக்கு மீறி ஆசைப்பட்டதும் அதே நியூசிலாந்துதான். புல் தழைக்கும் பருவத்தில் எல்லா மாடும் ஒன்றாகக் கறக்க வேண்டுமென்று, பிந்திய மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். குறைமாதக் கன்றுகள் செத்தன. மருத்துவக் காரணம் இல்லாமல் போடக்கூடாது என்று 2015 ஜூனில் நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் மச்சானிடம் டாக்டர் சொல்லவில்லை. "முந்திப் போட்டா கன்னு நிக்காது, கொடி விழாது. அப்புறம் மாட்டால உங்களுக்கு வருமானம் இல்ல, எனக்குத்தான்" என்றார். புரிந்துவிட்டது. கொட்டத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டு மச்சான் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினார்.

மறுநாள் நடுராத்திரி திருப்பூரிலிருந்து போன். "அக்கா, மாடு படுத்திருச்சு, வாயெல்லாம் அசையுது!"

"அசை போடுதுடா. படுத்துத் தூங்கு."