மாப்ளே, நீ புது ஜீப்பே வாங்கு

வா மாப்ளே, உக்காரு. அந்தக் கட்டில் ஓரத்துல கிரீஸ் இருக்கும், பாத்து. ஜீப்பு வாங்கப் போறியாமே, உங்கம்மா போன்ல சொன்னா. பழசு எடுக்கவா புதுசு எடுக்கவான்னு மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறலாம்னு வந்திருக்க. சந்தோசம். பொண்ணு பாக்கையில கேக்கல, பிளாட்டு வாங்கையில கேக்கல, ஜீப்புக்காவது இந்தக் கிழவன் ஞாவகம் வந்துச்சே.

மொதல்ல ஒண்ணு சொல்லு. வாங்கி எங்க ஓட்டப் போற? ஓ.எம்.ஆர். ரோட்டுல ஆபீசுக்கு. சரி. லீவு நாள்ல? சினிமாவுக்கு, அந்த மாடி மாடியா காரை ஏத்தி நிறுத்துற எடத்துக்கு. ஆத்தி, அதுக்கு ஃபோர் வீல் இல்லாம முடியுமா! கொழுக்குமலைக்கும் போவேங்குற. மலை என்னமோ நம்ம தேனி ஜில்லாதான், ஆனா ஜீப்புப் பாதை கேரளத்துல சூரியநெல்லியில இருந்துதான் ஏறுது. அங்க வாடகை ஜீப்புலதான் சனம் போகுது. நீ புது வண்டியக் கீழ நிறுத்திப்புட்டு, பழைய வண்டியில கம்பியப் புடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கித்தான் ஏறணும்.

உனக்குப் பழசு மேல ஒரு கண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். போன்ல படம் பாத்திருப்ப. தாடி வச்ச ஒரு எளந்தாரி, மேல துணி கூட இல்லாத ஜீப்புல ஆத்துக்குள்ள எறங்குவான். அந்த ஆத்துல இருந்து கரையேற எம்புட்டு நேரம் ஆச்சுன்னு எவனும் படம் புடிக்கிறதில்ல.

பழசைக் கொற சொல்ல மாட்டேன். நான் சோறு தின்னதே அதுலதான். மகிந்திராக்காரன் 1947-ல வில்லிஸ் ஜீப்பைக் கொண்டாந்து பூட்ட ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் எத்தனையோ பேரு மாத்துனான், ஆனா கீழ குனிஞ்சு பாத்தா அதே சேசிஸ், அதே பட்டை ஸ்பிரிங்கு. எம்.எம். 540-ன்னு ஒண்ணு வந்துச்சு, அதுல பிரெஞ்சுக்காரன் பெஜோ டீசல் இஞ்சின். அந்தக் காலத்து டீசல் ஜீப்புல மைக்கோ பம்பு ஒண்ணு இருக்கும், பெங்களூருச் சரக்கு. அதுக்கு மூளை கெடையாது. இஞ்சின் சுத்துனா அதுவும் சுத்தும், நேரம் வந்தா நாசிலுக்கு டீசலைத் தள்ளும். அம்புட்டுத்தான் அதோட படிப்பு. ஒருக்காக் கெளம்பிட்டா கரண்டே வேண்டாம். பேட்டரி செத்துருச்சா, எறக்கத்துல உருட்டி ரெண்டாம் கியர்ல கிளச்சை விட்டா சீறிக்கிட்டுக் கெளம்பிரும். அணைக்கணுமா, ஒரு கம்பிய இழுக்கணும். கேன்ல இருக்கிற டீசலை வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துனாலும் முகம் சுளிக்காமக் குடிக்கும்.

நம்ம போடியில இருந்து விடியமுன்ன ஏலக்காட்டுக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்புகளைப் பாத்திருப்பல்ல. உள்ள எத்தனை பேரு, ஃபுட்போர்டுல எத்தனை பேருன்னு போலீசுக்காரருக்கே கணக்கு வராது. அதையும் சொமந்துக்கிட்டு ஏறுனது அந்த மூளையில்லாத இஞ்சின்தான்.

ஆனா ஒரு வெவரம் இருக்கு மாப்ளே. பழைய ஜீப்பு வச்சிருக்கறவனுக்கு ஞாயித்துக்கெழமை கெடையாது. இன்னைக்குக் கேஸ்கட்டு, அடுத்த வாரம் வீல் சிலிண்டர், அதுக்கடுத்து பட்டையில ஒரு பிளேடு ஒடைஞ்சிருக்கும். சாமானுக்கு நீ மெட்ராசுல புதுப்பேட்டை போகணும், இல்ல கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போகணும். நீ வாட்டர் கேன் மாத்தவே ஆள் கூப்பிடுறவன். போன பொங்கலுக்கு வந்தப்ப ஸ்குரூ டிரைவர் கேட்டேன், நீ கொறடு கொண்டாந்து குடுத்த. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ற மெக்கானிக்கெல்லாம் என் வயசுக்காரன். அவன் காதும் இப்பக் கேக்கறதில்ல. அவன் மகன் உங்கூடத்தான் லேப்டாப்புத் தட்டுறான்.

வடக்க டப்வாலியில பழைய மாதிரியே புதுசா ஜீப்பு செஞ்சு தர்றானாமேன்னு கேக்குற. நல்லா செய்வான். ஆனா கம்பெனிக்காரன் குடுத்த அடிப்படை அமைப்பை மாத்துன வண்டியைப் பதிய முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2019-லயே சொல்லிருச்சு. நெசமான பழசே எடுத்தாலும், 15 வருசம் தாண்டுனா ஆர்.சி.யப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசு வாசல்ல நிக்கணும். ஆத்துல எறங்குற தைரியமெல்லாம் ஒண்ணுமில்ல, அந்த வரிசையில நில்லு பாப்போம்.

சரி, புதுசுக்கு வருவோம். இதுல பம்பு சும்மா அழுத்தம் மட்டும் ஏத்தும், 1,000 பாருக்கு மேல. எந்த நாசில் எப்பத் தொறக்கணும்னு சொல்றது டப்பாக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டரு. அதுக்குச் சேதி சொல்ல ஒடம்பெல்லாம் சென்சாரு. ஊரு நாட்டாமைக்கு எட்டுத் திக்கும் ஒத்தன் இருக்கிற மாதிரி. ஒரு ஒத்தன் கொழறிப் பேசுனாப் போதும், நாட்டாமை வெளக்கைப் போட்டு இஞ்சின் வேகத்தை அமுக்கிப்புடுவாரு. காரணம் கேட்டா உங்கிட்டச் சொல்ல மாட்டாரு. ஸ்டேரிங்குக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கும், அதுல சொருகிப் பாக்குறவன்கிட்டத்தான் சொல்லுவாரு.

நம்ம பக்கத்து ஏலக்கா வியாபாரி ஒருத்தரு புது வண்டி ஒண்ணு எடுத்தாரு. எந்தக் கம்பெனின்னு கேக்காத, நான் சொல்ல மாட்டேன். எஸ்டேட்டுல ராத்திரி நிறுத்துனாரு. இஞ்சின் சூட்டுக்கு எலி வந்து படுத்துச்சு. படுத்த எலி சும்மா இருக்குமா, ஒரு வயரை மென்னு பாத்துச்சு. காலையில டேஷ்போர்டு கார்த்திகை தீவமாட்டம் எரியுது, வண்டி மட்டும் அசையல. கம்பெனிக்குப் போன் போட்டா, ‘சார், வண்டிய இங்க கொண்டு வாங்க’ங்கிறான். எப்புடிக் கொண்டுபோறது? மாமன் ஜீப்புல கயிறு கட்டித்தான். வழியில ஒருத்தரும் பாத்துறக் கூடாதேன்னு அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்தாரு. நான்தான் எதிர்ல வந்த எல்லாருக்கும் ஹாரன் அடிச்சேன்.

இன்னொண்ணு. 2020 ஏப்ரல்ல இருந்து பி.எஸ். ஆறு பொகைச் சட்டம். புது டீசல் வண்டிப் பொகைக்குழாயில கரியப் புடிச்சு வைக்க ஒரு வடிகட்டி இருக்கு. அந்தக் கரி எரியணும்னா வண்டி நல்ல சூட்டுல, நிக்காமக் கொஞ்ச தூரம் ஓடணும். சோழிங்கநல்லூர் சிக்னல்ல ஊர்ந்துக்கிட்டே இருந்தா அடைச்சுக்கும், வெளக்கு எரியும். அப்ப ஈ.சி.ஆர்.ல கொஞ்ச நேரம் நிறுத்தாம வெரட்டிட்டு வா. பொண்டாட்டி எங்க போனீங்கன்னு கேட்டா, கரி எரிக்கப் போனேன்னு சொல்லு. நம்புவாளான்னு எனக்குத் தெரியாது.

இம்புட்டும் சொல்லிட்டு நான் ஏன் புதுசே எடுன்னு சொல்றேன்? பழைய ஜீப்புல நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு. ஓடையத் தாண்டி வந்தா ஈரத்துல புடிக்காது, பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஓட்டிக் காயவைக்கணும். ஏத்தத்துல நின்னா கல்லு வைக்க ஒரு ஆளு வேணும். கல்லுல சக்கரம் ஏறிச் சறுக்குனா ஸ்டேரிங்கு சுழட்டி அடிக்கும். கட்டை விரலை வளையத்துக்கு உள்ள விட்டிருந்தா விரல் போயிரும். எதுல ஓட்டுனாலும் கட்டை விரலை வெளியவே வச்சுக்க, அது ஒண்ணாவது கத்துக்க. மோதுனா முன்னால வெறும் தகரம். 2020-ல வந்த மகிந்திராவோட புதுத் தார் வண்டிக்கு குளோபல் என்கேப் சோதனையில நாலு ஸ்டார் குடுத்தாக. நாங்க ஓட்டுனதுக்கு எவனாச்சும் சோதனை வச்சிருந்தா, ஸ்டாரு அடிபட்டவன் கண்ணுலதான் தெரிஞ்சிருக்கும். ஏர்பேக்கு, ஏ.பி.எஸ். சட்டமெல்லாம் வந்த பெறகுதான 1985-ல இருந்து ஓடுன ஜிப்சி ஜீப்பே கடையக் கட்டுச்சு.

ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்துனா, பழசுல அது சுத்திக்கிட்டே இருக்கும், தரையில இருக்கிற சக்கரம் வேடிக்கை பாக்கும். புதுசுல சுத்துற சக்கரத்துக்கு மட்டும் அதுவாப் பிரேக் போட்டு, மத்த சக்கரத்துக்கு இழுவையக் குடுத்துருது. எங்களுக்குப் பிரேக்கை அப்புடி அளவா மிதிக்கிற கால் பழக்கம் வர ரொம்ப வருசம் ஆச்சு. உனக்கு அது தவணையிலயே கெடைக்குது.

எடுக்கையில ரெண்டு வெசயத்தைப் பாத்துக்க. 2023-ல இருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்குற தாரும் விக்கிறாக. பாக்க அதே மொகரைதான். வெல கொறச்சலா இருக்கேன்னு அதை எடுத்துட்டு ஊருக்குள்ள ஃபோர் வீலுன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத, முன்னால ஷாஃப்ட்டு இருக்கான்னு நான் குனிஞ்சு பாத்துருவேன். ஃபோர் வீலே எடுத்தாலும் காஞ்ச தார் ரோட்டுல அந்த ஃபோர் வீல் போடுற குச்சியத் தொடாத. திரும்புறப்ப முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், நடுவுல பல்லு முறுக்கிக்கிட்டு குச்சி வெளிய வராது. அந்தக் குச்சி மண்ணுக்கும் சகதிக்கும்தான்.

வேளச்சேரியில மழைத்தண்ணி நின்னா ஓட்டலாமான்னா, 650 மில்லிமீட்டர்ங்கிறான் தாருக்கு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல போயி காத்து இழுக்குற வழியில தண்ணி ஏறுனா பழசும் சாகும் புதுசும் சாகும். பழசுன்னா நாசிலைக் கழட்டி, தண்ணியப் பீச்சி வெளியேத்திட்டுக் கெளப்பிப் பாக்கலாம். புதுசுன்னா இன்சூரன்சுக்காரனுக்குப் போன் போடு, இஞ்சினுக்குத் தனியா கட்டியிருந்தேன்னா.

என் ஜீப்பைக் கேட்டுறாத, அது விக்கறதுக்கில்ல. நீ டீசலே போடு, ஃபோர் வீலே போடு. கியர் மட்டும் கையால மாத்துறதா எடு. ஆட்டோமேட்டிக்கு எடுத்தா எறக்கத்துல என் எடது காலு சும்மா இருக்காது. கருப்புக் கலர் வேண்டாம், ஏலக்காட்டுத் தூசி அப்புடியே தெரியும். சீட்டு நல்லா மெத்துன்னு இருக்கணும், இந்த இடுப்பு முன்ன மாதிரி இல்ல. என்ன பாக்குற? நீ வருசத்துல பாதி நாளு வீட்டுல இருந்துதான வேலை பாக்குற, வண்டி மூடிபோட்டே நின்னா பேட்டரி எறங்கிராதா? யாராச்சும் மலை ஏத்தி எறக்கணும்ல.

அப்பறம் சாவி. புது வண்டிச் சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்கு, தொலைஞ்சா கம்பியச் சேத்து முடிஞ்செல்லாம் ஸ்டார்ட் பண்ண முடியாது, காசும் கூட. ரெண்டு சாவி தருவான். ரெண்டாவதைப் பொறுப்பான ஒரு ஆளுகிட்டக் குடுத்து வைக்கணும். அடுத்த தடவை உங்கம்மா வரும்போது குடுத்தனுப்பு.