கோல்ப் ஆட்டத்தில் மெத்தனம்: சப்ரகமுவ நிறுவை முறையால் ஓர் ஆய்வு

இலங்கையில் கோல்புக்குப் பெயர்போன இடங்கள் என்றால் கொழும்பு, நுவரெலியா, திகன, அம்பாந்தோட்டை என்பார்கள். சப்ரகமுவவின் இரத்தினபுரியும் கேகாலையும் அந்த வரிசையில் இல்லை. ஆகவே இவ்வாய்வுக்கு மிகத் தகுதியானவர் சப்ரகமுவத் தோட்டக்காரரே என்று கொள்கிறோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருநாளும் நிற்காதவர்கள் தோட்டம் பற்றி எழுதி முனைவர் பட்டம் வாங்கும்போது, மட்டையைத் தொடாத நாம் கோல்ப் பற்றி எழுதினால் ஆய்வு நெறிக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

இருந்தாலும் ஏதாவது வரலாற்றுத் தொடர்பு காட்டாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். காட்டுவோம். 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் புல்வெளியை ஊடறுத்துக் களனிவெளி ரயில் பாதை போகிறது. அந்தப் பாதை 1903இல் யட்டியந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. எங்களை ஊர் சுற்றிக் காட்ட வந்ததல்ல. தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிப்போக வந்தது. இரண்டடி ஆறங்குலப் பாதையில் எங்கள் தேயிலைப் பெட்டிகள் ஊர்ந்து போக, துரைமார் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நின்றிருப்பார்கள். கோல்ப் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதில் சப்ரகமுவவின் பங்கு அவ்வளவே. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரையிலான பாதையை மூடினார்கள். அதற்குப் பிறகும் ஆட்டம் வேகம் பிடிக்கவில்லை. எனவே குற்றம் எங்களுடையதல்ல என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது (தேத்தண்ணிக் கடைப் பலகை, இடமிருந்து இரண்டாவது).

சங்க காலத்தில் கோல்ப் இருந்ததா? கோல் இருந்தது, குழி இருந்தது, பந்தும் இருந்தது. மிச்சத்தை அடுத்த மாநாட்டில் யாராவது நிறுவிவிடுவார்கள்.

இனி வகைப்பாடு. மெத்தனம் மூன்று: நடைமெத்தனம், தேடல்மெத்தனம், ஓங்கல்மெத்தனம்.

நடைமெத்தனம் என்பது நடப்பதில் மெத்தனம்.

தேடல்மெத்தனம் பந்து காணாமற்போனபின் வருவது. 2019இல் திருத்திய விதிகளின்படி பந்தைத் தேட 3 நிமிடந்தான். முன்பு 5 நிமிடம். தெரணியகலைப் பக்கம் தேயிலைக்குள் எதையாவது தொலைத்துப் பார்த்தவர்கள் இந்த விதியை எழுதியிருக்க முடியாது. மழை ஓய்ந்த வேளையில் அங்கே 3 நிமிடத்துக்குள் அட்டை நம்மைக் கண்டுபிடித்துவிடும். பந்து அகப்படாது (கூறியவரிடம் பெயர் கேட்டோம், சிரித்தார், இரண்டாம் சிரிப்பு, மாலை நிறுவைக்குப் பின்).

ஓங்கல்மெத்தனமே இவ்வாய்வின் உயிர். பந்து முன்னால் கிடக்கிறது. அது ஓடப்போவதில்லை. ஆட்டக்காரர் முதலில் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்க்கிறார். பிறகு பந்துக்குப் பின்னால் குந்துகிறார். எழுந்து எதிர்ப்பக்கம் போய் மறுபடி குந்துகிறார். பையில் 14 மட்டை வரை வைத்திருக்கலாம் என்பது விதி, ஆகவே 14 வகையாக யோசிக்கிறார். அப்புறம் பந்தை விட்டு விலகி நின்று, இல்லாத பந்தொன்றை இரண்டு தரம் அடித்துப் பார்க்கிறார். 2018இல் அமெரிக்காவின் டொரி பைன்ஸ் மைதானத்தில் ஜே. பி. ஹோம்ஸ் என்பவர் கடைசிக் குழியில் ஒரே அடிக்கு 4 நிமிடம் 10 செக்கன் எடுத்துக்கொண்டார். தண்டம் இல்லை. 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் மெத்தனத்துக்காக ஓர் அடி தண்டம் வாங்கியவர் குவான் தியன்லாங் என்ற 14 வயதுச் சீனச் சிறுவர். பொடியன் மாட்டுவான், பெரியவர் தப்புவார் என்பதை அறியத் தோட்டத்தில் யாரும் ஆய்வு செய்ததில்லை.

ஓர் அடியை 40 செக்கனுக்குள் அடிக்கும்படி விதிநூல் பரிந்துரைக்கிறது. கட்டளையில்லை, பரிந்துரை. எங்களுக்குக் கிலோவை யாரும் பரிந்துரைத்ததில்லை.

இந்த 40 செக்கனைக் கொழுந்து மலைக்குக் கொண்டுபோவோம். கொழுந்து ஒன்று ஒரு கிராம் எனக் கொள்க. எட்டு மணித்தியாலம் 28,800 செக்கன். ஒவ்வொரு கொழுந்துக்கும் ஒரு பெண் 40 செக்கன் எடுத்து, கிள்ளும் முன் காற்றை இரண்டு தரம் கிள்ளிப் பழகி, செடிக்குப் பின்னால் குந்திச் சாய்வு பார்த்தால், மாலைக்குள் 720 கொழுந்து சேரும். முக்கால் கிலோகூட இல்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிக்கும் தோட்டமானால் அந்தப் பெண் அன்றைக்கு 1.28 கிலோ தோட்டத்துக்குக் கடன். மாறாக, 18 கிலோ எடுத்தால்தான் பேர் (முழுநாள் சம்பளம்) என்னும் தோட்டத்தில் கொழுந்து ஒன்றுக்கு 1.6 செக்கன். அதே கையை மைதானத்துக்கு அனுப்பினால் 72 அடியும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மற்றதெல்லாம் நடை. இறப்பர் மலையிலும் இதுதான் கதை. வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால் விடியலிலேயே இறங்கி முந்நூறு மரம்வரை வெட்டுகிறவர், எந்த மரத்தின் முன்னும் வெறுங்கத்தியை வீசி ஒத்திகை பார்ப்பதில்லை. (இக்கருத்துக்கு விரிவாகக் காண்க: ‘மட்டக்கம்பு மாலை’, மூலமும், அதற்குக் கணக்கப்பிள்ளை உரையும், அவ்வுரைக்குக் கங்காணி மறுப்பும், இரண்டையும் படிக்காத பேராசிரியர் அளித்த அணிந்துரையும்; அட்டை கடித்த பதிப்பு. முதலிரு பக்கங்களில் இரத்தக்கறை இருப்பதால் மேற்கோள் காட்டுவோர் அணிந்துரையை மட்டும் காட்டுவது மரபு.)

லயத்துக்கு ஒரு முனைவர் என்னும் அளவுக்கு எங்களை ஆராய்ந்தாயிற்று. காம்பரா அப்படியே இருக்கிறது, முன்னுரைகள்தான் நீண்டிருக்கின்றன. அந்த வழக்கத்தை மீறாமல் பரிந்துரைகளைத் தருகிறோம்.

விடியற்காலையில் ஆட்டக்காரர்களுக்குப் பெரட்டு வைக்க வேண்டும். பிந்தி வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். நால்வர் அணிக்குப் பின்னால் ஒரு கங்காணி நடப்பார். பந்து எங்கே விழுகிறது என்பதை அவர் பார்க்கமாட்டார், யார் சும்மா நிற்கிறார் என்பதை மட்டும் பார்ப்பார். காற்றை அடித்தவருக்கு அரைப் பேர்: 18 குழி ஆடினாலும் 9 குழிதான் ஏட்டில் விழும். மழைக்கு ஓடி ஒதுங்கக் கூடாது. இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு தொடர வேண்டும். வெற்றிக் கிண்ணத்தை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அதிலும் சாக்குக்கு 2 கிலோ கழிக்கப்படும்.