முப்பது அடி வீடும் பின்னால் வந்த காரும்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களுக்கு ஆசைகள் வரிசைக்கிரமமாக வரும். முதலில் கார், பிறகு வீடு, அப்புறம் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி. இந்த மூன்றும் கைகூடியவுடன் நாலாவதாக ஆர்.வி. ஆசை பிடித்துக்கொள்ளும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை சகிதம் ஒரு வீட்டையே லாரி சேசிஸின் மேல் தூக்கி வைத்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிற ஆசை. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கும் கோடை விடுமுறையில் இது முற்றிப்போகும். காரணம் ரொம்ப எளிது. ஓட்டல் அறையில் தாளிக்க முடியாது, ஆர்.வி.யில் தாளிக்கலாம்.

இந்த நாட்டுக்காரர்களுக்கு இது பழைய பைத்தியம். 1960இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு டிரக்கின் மேல் குட்டி வீடு கட்டி, அதற்கு டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வைத்து, அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 1962இல் அது புத்தகமாக வந்தது. அவரோடு போனது சார்லி என்ற நாய் மட்டும். நாய் டிகாஷன் கேட்காது. வழியில் தென்படும் ஒவ்வொரு பலகையையும் படித்துவிட்டு, "இங்க என்னமோ இருக்காம், வண்டியைத் திருப்புங்க" என்றும் சொல்லாது. எங்கள் வண்டியில் நாய் இல்லை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை.

பீனிக்ஸில் வாடகைக்கு எடுத்த வண்டி முப்பது அடி நீளம், பன்னிரண்டு அடி உயரம். நம்மூரில் இந்த சைஸ் வண்டியைப் பார்த்தாலே ஹெவி லைசென்ஸ்தான் நினைவுக்கு வரும். இங்கே எடை 26,000 பவுண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். கவுன்டரில் இருந்த பையன் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான், சாவியைக் கொடுத்தான், "கூரை எதிலாவது இடித்தால் இன்ஷூரன்ஸ் வராது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மாமாவின் கவலை வேறு.

"மாப்ள, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"காலனுக்கு எட்டு மைல் மாமா. லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட வராது."

"அப்ப எதுக்கு இதை ஓட்டிக்கிட்டு? இங்கேயே நிறுத்தி, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடலாமே."

எங்களோடு வருவதாக இருந்த கல்லூரித் தோழன் கடைசி நேரத்தில் கட்சி மாறினான். "டேய், எனக்கு முதுகு சரியில்ல. நாங்க எங்க மினிவேன்ல பின்னாடியே வர்றோம். ராத்திரி பக்கத்துல ஓட்டல்ல படுத்துக்கிறோம். சாப்பாடு மட்டும் உங்க வீட்டுல" என்றான். 'உங்க வீடு' என்று அவன் சொன்னது முப்பது அடி வண்டியை. சரி, வாடா என்றேன். புறப்படும்போது அவன் மகள் உட்பட எல்லாக் குழந்தைகளும் ஆர்.வி.யில் ஏறிக்கொண்டார்கள். மினிவேனில் அவனும் அவன் மனைவியும் மட்டும், புதுமணத் தம்பதி தோரணையில்.

நெடுஞ்சாலையில் ஏறிய மறுநிமிடமே தெரிந்துவிட்டது: ஓடுகிற வீட்டில் எந்தச் சாமானும் சும்மா இருக்காது. அடுக்களை அலமாரியில் உள்ளதெல்லாம் ஒன்றோடொன்று மோதிப் பேசிக்கொண்டே வரும். அத்தை கண்ணை மூடியபடியே சத்தத்தை வைத்து அடையாளம் சொன்னார்கள். "அது எவர்சில்வர் தூக்கு... இது இட்லித் தட்டு... இப்ப உருண்டது பெருங்காய டப்பா, மூடி கழண்டிருக்கும்." கழன்றுதான் இருந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் போகிற வரை வண்டி முழுக்க மார்கழி மாதப் பெருமாள் கோயில் வாசனை.

முதல் பக்கவழி செடோனா. செக்கச்செவேலென்ற பாறைகளைப் பார்க்க உலகமே வருகிற ஊர். அதனால் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. வீட்டை எங்கே நிறுத்துவது? ஊருக்கு வெளியே ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, நண்பன் தவணை முறையில் எங்களை மினிவேனில் ஏற்றிக்கொண்டு போய் வந்தான். அடுத்தது ஜெரோம். மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய செம்புச் சுரங்க ஊர். அங்கே ஒரு சிறைச்சாலை, கட்டிய இடத்தை விட்டு இருநூறு அடிக்கு மேல் சரிந்து இறங்கி நிற்கிறது. கைதி தப்பிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஜெயிலே தப்பிக்கப் பார்த்த ஊர் அது. கட்டடமே நிற்காத சரிவில் எங்கள் வண்டி நிற்குமா? அதற்கும் மினிவேன்தான்.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள முகாமில் இடம் பதிவு செய்திருந்தோம். வண்டியை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மட்டமாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இந்த வகை ஃபிரிட்ஜ் ஒழுங்காகக் குளிராது, தயிர் புளித்துவிடும். மாமா போனில் ரசமட்டம் பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு, சக்கரத்தடியில் பலகை வைக்கச் சொல்லி என்னைக் குனிந்து நிமிர வைத்தார். "கரெக்டா இருக்கு" என்று அவர் சான்று கொடுத்த பிறகு, உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "தோசைக்கல்லுல எண்ணெய் ஒரே பக்கமா ஓடுது. கதவுப் பக்கம் இன்னொரு பலகை வைங்க." வைத்தோம். எண்ணெய் நடுவில் நின்றது. அதற்குப் பிறகு போனை யாரும் எடுக்கவில்லை.

மாமா மதுரையில் மின்வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வண்டிக்கு வந்த இணைப்பு 30 ஆம்பியர். அதை 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட். இந்தக் கணக்கை அவர் போட்டு முடிப்பதற்குள், ஏ.சி., மைக்ரோவேவ், எலெக்ட்ரிக் கெட்டில் மூன்றும் ஒன்றாக ஓடி பிரேக்கர் விழுந்தது. பணி ஓய்வுக்குப் பின் மாமாவின் முகத்தில் அவ்வளவு ஒளியை நான் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் ஒரு மின்வெட்டு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். காலை ஏழு முதல் ஏழரை வரை கெட்டில். ஏழரைக்கு மேல் ஏ.சி. மைக்ரோவேவ் வேண்டுமென்றால் முன் அனுமதி. "எமர்ஜென்சின்னா என்கிட்ட வாங்க, பார்த்துச் செய்யலாம்" என்றார். பேத்தி பாப்கார்ன் பொரிக்க மனுக் கொடுத்தாள்; பரிசீலனையில் இருந்தது.

அந்த விளிம்பு கடல் மட்டத்துக்கு மேலே ஏழாயிரம் அடி, அதாவது சுமார் 2,100 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பக்கத்து வண்டிக்காரர்கள் பாத்திரத்தில் பீன்ஸைப் போட்டு மணிக்கணக்காகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் பிரஷர் குக்கர் இருந்தது. நாலாவது விசிலுக்கு, பேருந்து சைஸ் ஆர்.வி.யிலிருந்து ஒரு வயதான தம்பதி இறங்கி ஓடிவந்து, "எல்லாரும் பத்திரமாக இருக்கிறீர்களா?" என்று விசாரித்தார்கள். அத்தை ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் விசில் வந்தபோது அவர்கள் கிண்ணத்தோடு வந்தார்கள்.

பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் ஒரு மைலுக்கு மேல். விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்த மாமா, "இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு அடியில இவ்வளவுதான் தண்ணியா?" என்றார். வைகைக்கரைக்காரர் கேட்கக்கூடிய கேள்வியா இது? மாப்பிள்ளை என்ற ஸ்தானத்தில் இருப்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

இரவில் இன்னொரு சங்கதி. பகலில் சாப்பாட்டு மேஜையாக இருப்பதுதான் ராத்திரி அத்தையின் கட்டில். ஆகவே கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை அத்தை கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்தால் வண்டி முழுக்கச் சத்தம் கேட்கும். நள்ளிரவில் யார் எழுந்து போனார்கள், எத்தனை தடவை போனார்கள் என்பது குடும்பத்துக்கே தெரியும். காலையில் காபியோடு அது விவாதிக்கப்படும்.

அந்தக் கழிப்பறைக்குக் கீழே இருப்பது கறுப்பு டாங்க். குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர் போவது சாம்பல் டாங்க். குழாயை மாட்டி முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும். அது காலியான பிறகு சாம்பலைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறக் கூடாது. நாம் காகிதக் கட்சி இல்லை, தண்ணீர்க் கட்சி. அதனால் எங்கள் டாங்க் சீக்கிரம் நிரம்பியது. ஆனால் காலி செய்யும்போது தடையே இல்லாமல் ஓடியது. தண்ணீரைச் சிக்கனம் பிடித்துக் காகிதத்தை அள்ளிப் போடுகிறவர்களின் டாங்கில்தான் உள்ளே மேடு தட்டுமாம். சாம்பார் தம்பதியில் அந்தப் பெரியவர் எங்கள் ஓட்டத்தைப் பார்த்துத் தலையசைத்துப் பாராட்டினார். தமிழ்ப் பண்பாட்டுக்கு வெளிநாட்டில் கிடைத்த அந்த அங்கீகாரத்தை நான் கையுறையோடு ஏற்றுக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் பால் தீர்ந்தது. ஆர்.வி. வாழ்க்கையின் முழுத் தத்துவமும் பால் தீரும்போது விளங்கும். கடைக்குப் போக வேண்டுமென்றால் வீடே போக வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, கழிவுக் குழாயை அலசிச் சுருட்டி, வாசல் பந்தலை மடக்கி, அலமாரிகளைத் தாழிட்டு, அடுப்பில் இருப்பதை இறக்கி, தூங்குகிறவர்களை எழுப்பிப் பெல்ட் போட்டு, பலகைகளைப் பொறுக்கி... ஒரு காலன் பாலுக்கு ஒரு குடித்தனமே கிளம்ப வேண்டும். இங்குள்ள அனுபவஸ்தர்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு ஜீப்பையோ சின்னக் காரையோ கட்டி இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். எங்களுக்கோ கட்டி இழுக்கிற வேலையே இல்லை. ஒரு போன் அடித்தால் நண்பன் பாலோடு வந்துவிடுவான். தயிர், கொத்தமல்லி, மாமாவின் முழங்கால் தைலம் எல்லாம் அவன் கைங்கரியம்.

பேஜ் ஊரை நோக்கிப் போகிற வழியில் நவஹோ மக்களின் நிலம். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றாது. நவஹோ நிலம் மாற்றும். உள்ளே நுழைந்தால் போன்கள் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும், பேஜில் இறங்கினால் பின்னால் குதிக்கும். பிள்ளைகள் குழம்பினார்கள், மனைவி இரண்டு தடவை மதியச் சாப்பாடு எடுத்து வைத்தாள். குழம்பாதவர் மாமா ஒருவர்தான். அவர் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. "அரிசோனான்னா அரை மணியக் கழிச்சுக்கணும், நவஹோன்னா அரை மணியக் கூட்டிக்கணும். ராத்திரியா பகலான்னு ஜன்னல்ல பார்த்துக்கலாம். இதுக்குப் போய் இத்தனை பேரு போனை நோண்டுறீங்க" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பேஜிலிருந்து கிளம்பும்போது ஜனத்தொகை மாறியிருந்தது. குழந்தைகள் மினிவேனுக்குப் போய்விட்டார்கள். அதில் எதுவும் கடகடப்பதில்லை. அத்தை, "கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கிறேன்" என்று போனவர்கள் திரும்பவில்லை. மனைவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனாள். ஆர்.வி.யில் மிஞ்சியது நானும், லோடு பார்க்க மாமாவும்.

சயான் தேசியப் பூங்காவுக்குள் கிழக்கிலிருந்து போனால் 1930இல் திறந்த ஒரு சுரங்கப்பாதை, ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்துக் கார்களை மனதில் வைத்துக் குடைந்தது. நாங்கள் போனபோது, பெரிய வண்டிகளிடம் பதினைந்து டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்தி, நடுச் சாலையில் போக விட்டார்கள். அந்தப் பக்கம் நீண்ட வரிசையில் கார்கள் எங்களுக்காகக் காத்து நின்றன. மாமா ஜன்னலை இறக்கி அவர்களுக்கெல்லாம் கையசைத்தார்.

"நம்ம ஊர்ல இதுக்கு மந்திரி ஆகணும் மாப்ள. இங்க பதினஞ்சு டாலர் போதுங்கிறான்."

இப்போதும் தெரிந்தவர்கள் ஆர்.வி. எடுக்கப்போகிறோம் என்று வந்து, வாடகை என்ன, எந்த நீளம் நல்லது, எங்கே நிறுத்தலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பின்னால் காரில் வர யார் இருக்கிறார்கள்? ஆள் இருந்தால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் ஓட்டலில் தங்கி, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். ஆள் கிடைத்துவிட்டால் அவருடைய பெட்ரோல் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். எப்படியும் உங்கள் வண்டிக்கு ஊற்றுவதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.