வெள்ளை மாளிகையும் கவிதையும்

கேள்வி: அணுகுண்டு வைத்திருக்கும் அமெரிக்க சர்க்கார், கவிஞர்களைக் கண்டு பயப்படுமா?

பதில்: பயப்படாமலா, ஈராக் யுத்தம் மூளவிருந்த தருணத்தில், ஜனாதிபதியின் மனைவியார் லாரா புஷ் 2003 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் கூட்டவிருந்த கவிதை விழாவை, அழைக்கப்பட்டவருள் ஒருவரான சாம் ஹாமில் யுத்த எதிர்ப்புக் கவிதைகளைத் திரட்டுகிறார் என்ற செய்தி எட்டிய மாத்திரத்தில் ஒத்திவைத்தார்கள்! திரண்டவையோ ஆயிரக்கணக்கில். இத்தனைக்கும் விழா நாயகர்களாக அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த வால்ட் விட்மன், எமிலி டிக்கின்ஸன், லாங்ஸ்டன் ஹியூஸ் ஆகிய மூவரும், எழுந்து நின்று ஆட்சேபிக்க இயலாத காலஞ்சென்றவர்கள். அவர்களிலும் விட்மன், 1865-இல் தம் கவிதை நூலின் காரணமாகவே சர்க்கார் குமாஸ்தா உத்தியோகத்தை இழந்தவர். ஹியூஸ், 1953-இல், கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டவர். வீட்டை விட்டு அபூர்வமாகவே வெளிவந்த எமிலி அம்மையார் ஒருவர்தாம் தேசப் பாதுகாப்புக்கு உகந்த கவி. அவரும் தம் கவிதைகளுள் பெரும்பாலானவற்றை அச்சுக்கே கொடுக்கவில்லை.