காலர் இல்லாத விருந்தாளி

எங்கள் போடி ஏலக்காய் ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை கேட்கிறவர் வேட்டியோடுதான் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார். அதே வேட்டியோடு 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்புக்கு, அதுவும் நூல் வெளியீட்டுக்கு அழைப்பின் பேரில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். என்ன உபசரிப்பு! அடுத்த மாதமே சட்டமன்றம் சூடாகி, சட்டம் கொண்டுவந்தது: வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். கிளப்புகள் உள்ளே விடாத, காலர் இல்லாத பனியனுக்குத்தான் இன்னும் வாதாட ஆளில்லை.

போடிக்கு வடக்கே கொடைக்கானலில் 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. அங்கே காட்டுமாடுகள் காலரும் இல்லாமல், உறுப்பினர் அட்டையும் இல்லாமல், புல்தரை நடுவே மேய்கின்றன. ஆட்டக்காரர்கள்தான் ஒதுங்கி நிற்கிறார்கள்.