கட்டளைமுன் மாறியின் ஆயுள்: கருங்கல் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு கட்டளைக்கு முன்னால், அதே வரியில், மாறிக்குக் கொடுத்த மதிப்பு அக்கட்டளை முடியும்வரையே நிற்கும். 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல் தொட்டு இதுவே வழக்கு. இப்பொருளில் முந்து ஆய்வு எதுவும் இல்லை என்று எழுதுவது மரபு. தேடிப் பார்ப்பது மரபன்று.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய, கருங்கல் என்னும் ஊரின் வீடொன்றில் 'டிசெட்=ஏசியா/துபாய் டேட்' என அடித்தால் ஒன்றரை மணி நேரம் பிந்திய துபாய் நேரம் வரும். அடுத்து வெறும் 'டேட்' அடித்தால் ஊர் நேரமே.

கட்டளை இன்றித் தனியே நிற்கும் மதிப்பு நிலைக்கும்.

'ஊர்=கருங்கல் எக்கோ $ஊர்' என்பதோ வெற்று வரியைத் தரும். (மாறிப் பெயர் அஸ்கி எழுத்தில்தான் இருக்க வேண்டும், இங்கே தமிழ் விளக்கத்துக்காக.) ஷெல் முதலில் $ஊர் என்பதை விரித்துவிடுகிறது, பிறகே மதிப்பை வைக்கிறது. 'உள்ள சாமானம் எங்கடே போச்சு?' என்பது இவ்விடத்துக்குச் சந்தை முக்கு டீக்கடைப் பாடம், 'எங்க போச்சுடே?' என்பது பாடபேதம்.

இனிப் புறனடை. எக்ஸ்போர்ட், இவால், செட் முதலான சிறப்பு உள்கட்டளைகளின் முன் வைத்த மதிப்பு, கட்டளை முடிந்தும் போகாது என்கிறது போசிக்ஸ் தரநிலை. அவற்றுள் தலையாயது முக்காற்புள்ளி. அது ஒன்றுமே செய்யாது. 'ட்ரூ' கட்டளையும் ஒன்றுமே செய்யாது. ஆயினும் 'ட்ரூ'வின் முன் வைத்தது மறையும். முக்காற்புள்ளியின் முன் வைத்தது நிலைக்கும். ஒன்றும் செய்யாதிருந்தே நிரந்தரமாவது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை, மழையில் நனைந்து பின்னட்டை மட்டும் எஞ்சிய ஓர் ஏட்டின் உரைக்கு எழுந்த உரையின் அடிக்குறிப்பில், கறையான் தின்ற பகுதியில் தெளிவாக உள்ளது. பல்கலைக்கழகத் துறைகள் சில இவ்விடையை ஏடு பாராமலே அறிந்தவை.

உரைகாரர் ஒத்துப்போவதில்லை. டேஷ் என்னும் ஷெல் போசிக்ஸ் நூற்பாவுக்குக் கட்டுப்பட்டு மதிப்பை நிலைநிறுத்தும். 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ், போசிக்ஸ் முறையில் ஓடினாலன்றி அதைக் கைவிடும். ஆகவே உபுண்டுவில் பாஷ் கொண்டு சோதித்த ஸ்கிரிப்ட், 2006 முதல் டேஷையே குறிக்கும் 'எஸ்ஹெச்' வழியே ஓடும்போது வேறு விடை தரலாம்.

செயற்கூறுகளின் முன் வைத்த மதிப்பு நிலைக்குமா என்பது பற்றிப் போசிக்ஸ் முடிவு சொல்லவில்லை.

சிறப்பு உள்கட்டளையின் முன் 'கமாண்ட்' என்று சேர்த்தால் அதன் சிறப்பு நீங்கி, மதிப்பும் வரியோடு முடியும் என்கிறது தரநிலை.