கரை நமக்கு, தண்ணீர் துரைக்கு

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் சின்னச் சின்ன ஏரிகள் ஏராளம். முதுகுப்பையில் மடித்து வைக்கும் காற்றுப் படகோடு அவற்றைத் தேடிப் போகிறவர், கூடவே ஒரு வக்கீலையும் கூட்டிப் போவது நல்லது.

அங்கே 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மகா தாராளம்! மலையிலும் மேய்ச்சல் மேட்டிலும் யாரும் நடக்கலாம். நாயைக் கூட்டி வரலாம். மூச்சிரைக்க ஏறி, ஏரிக்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்னலாம். படகை மட்டும் இறக்கக் கூடாது. இரண்டாம் அட்டவணையில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: கடலின் ஏற்றவற்றம் எட்டாத நீரில் படகு விட்டாலும் குளித்தாலும் இந்த உரிமை செல்லாது. நிலத்துக்காரர் மனமிரங்காவிட்டால், பாதம் நனைந்த கணமே நீங்கள் அத்துமீறியவர். இங்கிலாந்து நிலத்தில் பாதி, மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் மனம் எவ்வளவு இரங்கும் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

நடக்கும் உரிமையாவது சும்மா வந்ததா? 1932இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மலையில் மக்கள் கூட்டமாகத் தடையை மீறி நடந்து, ஐந்து பேர் சிறைக்குப் போய், அதன்பின் 68 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பிச்சை அது. துடுப்புக்கு எத்தனை பேர் உள்ளே போக வேண்டுமோ!

எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற எவரும் ஏரியில் துடுப்பு போடலாம். வானம் இடிந்து விழவில்லை. அதே உரிமையை இங்கிலாந்துக்கும் தருவோம் என்று 2023இல் தொழிற்கட்சி வாக்களித்தது. அதே ஆண்டே விழுங்கியும் விட்டது. ஜீரண சக்தி அபாரம்.

லேக் டிஸ்ட்ரிக்டிலேயே இருக்கும் ஹாஸ்வாட்டர் நீர்த்தேக்கத்தின் கதை இன்னும் ருசி. மான்செஸ்டர் மாநகராட்சி தன் குடிநீருக்காக 1930களில் மார்டேல் கிராமத்தையே மூழ்கடித்தது. தேவாலயத்தை இடித்தார்கள்; புதைத்த பிணங்களைத் தோண்டி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஊரை மூழ்கடிக்கலாம், அதன்மேல் ஒரு கனூ மிதக்கக் கூடாது! கோடையில் நீர் வற்றி இடிந்த சுவர்கள் தலைகாட்டினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரளும். அதற்கு யாருக்கும் ஆட்சேபமில்லை.

இன்று அந்த நீர்த்தேக்கத்தின் சொந்தக்காரர் யுனைடெட் யுட்டிலிட்டீஸ் என்ற தண்ணீர் நிறுவனம். விண்டர்மியர் ஏரியில் சுத்திகரிக்காத கழிவுநீரைத் திறந்துவிட்ட அதே நிறுவனம். விண்டர்மியரில் படகு விட எல்லோருக்கும் உரிமை உண்டு. தாராளமாகப் போங்கள், மூக்கைப் பொத்த ஒரு கை மிச்சமிருந்தால்.